போர்டு ஆபீசுக்குப் போன காவடி

திருத்தணியில் அந்தக் காலத்து ஓவர்சியர்கள், கான்ட்ராக்டர்கள், பஞ்சாயத்து போர்டு மெம்பர்கள் எல்லாரும் மலைமேல் இருக்கிற முருகனுக்குப் பயந்தார்களோ இல்லையோ, மலைக்குக் கீழே காவடிக் கடை வைத்திருந்த ஒரு மனிதருக்குப் பயந்தார்கள். முருகன் கேட்பது தலைமுடி. கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார். இந்த மனிதர் கேட்டது பதில். கொடுத்தாலும் விடமாட்டார்.

ஊருக்கு அவர் 'அப்புறம் நைனா'. எங்கள் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகிற பாஷைகள். பெரியவர்களை நைனா என்பது வழக்கம். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அம்மாளும் "இந்தா, உன்னத்தான்" என்றுதான் கூப்பிடுவார். 'அப்புறம்' என்ற பட்டம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு தெருவிளக்கே போதும்.

மலைக்குப் போகிற வழியில் விளக்கு ஒன்று எரியவில்லை. நைனா ஓவர்சியரைச் சைக்கிளோடு நிறுத்திக் கேட்டார். எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார் ஓவர்சியர். அப்புறம்? மேலே இருந்து சாங்ஷன் வர வேண்டும். அப்புறம்? பல்பு வரும். அப்புறம்? மாட்டுவோம். அப்புறம்? எரியும். அப்புறம்?

"ஃபியூஸ் ஆவும் நைனா, என்ன வுடேன்" என்றார் ஓவர்சியர்.

"ஆங். அப்ப இன்னொரு பல்பும் சேத்து இப்பவே எழுதிப் போட்டுடு."

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்காகத்தான் பத்திரிகைக்காரர்களும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், சிரியுங்கள். எனக்கு மட்டும் நைனாவை நினைத்தால் முதலில் பற்றிக்கொண்டு வருவது கோபம். அவர்மேல் அல்ல. அந்த விளக்கை எரியவைக்க ஒரு ஊரில் ஒரே ஒரு ஆள்தான் கேட்க வேண்டியிருந்தது பாருங்கள், அதன்மேல்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எந்த வருஷம், எந்தத் தலைவர் என்று நோண்டாதீர்கள். ஊரில் பேரன்கள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். போர்டுக் கூட்டம் மாதம் ஒருமுறை, வேலை நாளில், காலையில் நடக்கும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கவனிக்கலாம் என்று சட்டம். அதற்காகப் பின்சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். மெம்பர்கள் அதில் குடையும் மஞ்சள் பையும் வைப்பார்கள். மொத்த ஊருக்கும் சேர்த்துப் போட்ட அந்தப் பெஞ்சில், எனக்கு நினைவு தெரிந்து, மனிதர் என்று உட்கார்ந்தது நைனாதான்.

முதல் நாள் அவர் வாசலில் வந்து நின்றபோது பியூன் காதர் பாய் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, கூட்டத்தைப் பார்க்க வந்தேன் என்றார் நைனா. காதர் பாய்க்குப் புரியவில்லை. உள்ளே போய் ஹெட் கிளார்க்கைக் கேட்டார். ஹெட் கிளார்க் தலைவரைக் கேட்டார். தலைவர் ஹெட் கிளார்க்கிடமே சட்டத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்ததில் அனுமதி உண்டு என்று தெரிந்து எல்லாருக்கும் கொஞ்சம் வருத்தமாகப் போய்விட்டது. குடைகளை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார்கள்.

உட்கார்ந்து கேட்டதோடு நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சாயங்காலம் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டம் முழுவதையும் அவர் நடித்துக் காட்டுவார். நான் அப்போது அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை. தினம் ரயிலில் போய் ரயிலில் திரும்புவேன். கூட்டம் நடந்த நாள் என்றால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே மலையடிவாரத்துக்குப் போவேன். காவடிகள் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்க, மயிலிறகுக் கட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு நைனா தலைவராக மாறுவார், வயிற்றைத் தள்ளி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "அது பரிசீலனையில இருக்குது" என்பார். தலைவரின் குரல் அப்படியே வரும். தலைவரின் சொந்தக்காரர்களே வந்து நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு மெம்பர் கூட்டம் தொடங்கினதும் தூங்குவார். நைனா அந்தக் குறட்டையை ஏற்ற இறக்கத்தோடு செய்து காட்ட, அது மெம்பரின் மனைவி காதுக்குப் போக, மறுமாதம் முதல் அந்த அம்மாள் கணவரோடு ஒரு ஃபிளாஸ்க் காப்பியும் அனுப்ப ஆரம்பித்தார். மனிதர் விழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விழித்திருந்தால் ஏதாவது பேசத்தானே வேண்டும். ரேஷன் கடைக்கு எதிரில் இருந்த குப்பை மேட்டைப் பற்றிப் பேசினார். குப்பையை அள்ளினார்கள்.

எங்கள் வார்டு மெம்பர் வேறு மாதிரி. பாவம், நல்லவர். ஜவுளிக்கடைக்காரர். தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து கூட்டத்தில் வாயே திறக்காதவர். நைனாவின் நாடகத்தில் தனக்கு மட்டும் வேஷமே இல்லை என்று அவருக்கு மனக்குறை. ஒருநாள் கடைக்கு வந்து, தன்னையும் நாலு வார்த்தை பேசுகிற மாதிரிக் காட்டக் கூடாதா என்று கேட்டார். நீ பேசு, நான் காட்டுகிறேன் என்றார் நைனா. அதற்கு மெம்பர், என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை என்றார். இப்படிப்பட்டவர்களைத்தான் நாம் கை நிறைய மாலை வாங்கிப் போட்டு அனுப்புகிறோம்.

நைனா சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பும் தவறுமாகச் சண்டை போடுவார். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற ஜனங்களுக்காக போர்டு கக்கூஸ் கட்டியதாகச் சொன்னதே பொய், அப்படி ஒன்று ஊரிலேயே இல்லை என்று ஒரு வாரம் கடையில் நின்று கத்தினார். ஓவர்சியர் ரோஷப்பட்டு அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். மலைக்குப் பின்பக்கம், முள்செடிக்கு நடுவில், வெள்ளையடித்து, பளிச்சென்று நின்றது கக்கூஸ். நைனா அன்று சாயங்காலமே கடையில் நாலு பேர் முன்னால் ஓவர்சியரிடம் மன்னிப்புக் கேட்டார். ஓவர்சியருக்கு முகம் மலர்ந்தது. பிறகு நைனா, கதவில் பூட்டுத் தொங்கினதே, சாவி எங்கே என்று கேட்டார். சாவி கான்ட்ராக்டரிடம் இருக்கிறது என்றார் ஓவர்சியர். ஏன்?

"தெறந்து வுட்டா அசிங்கம் பண்ணிடறாங்க நைனா."

இதைக் கதையாக எழுதினால் எந்த ஆசிரியரும் நம்ப மாட்டார். அந்த ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூரிலிருந்தும் புத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக நடந்து வந்த பெண்கள் முள்செடி ஓரம் ஒதுங்கினார்கள். பூட்டின கதவுக்கு எதிரிலேயே. அந்தக் கான்ட்ராக்டருக்கு போர்டு சார்பில் மாலை போட்டார்கள்.

இந்த நாடகங்கள் எத்தனை நாள் தாங்கும்? ஒரு கூட்டத்துக்குப் போனபோது பெஞ்சு இல்லை. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள். நைனா நின்றுகொண்டு கேட்டார். அடுத்த மாதம் தன் கடையில் வாடிக்கைக்காரர்கள் உட்கார்கிற பெஞ்சைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பஜார் வழியாக நடந்து வந்து, கூட்ட அறையில் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் தூக்கிக்கொண்டு போனார். போகும்போதும் வரும்போதும் கேட்டவர்களிடமெல்லாம், போர்டுக்கு ஒரு பெஞ்சு ரிப்பேர் பண்ண ஒரு மாதம் போதவில்லை, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் மனைவி கடையில் உட்கார பெஞ்சு இல்லாமல் நின்றுகொண்டிருந்த பக்தர்களிடம் சமாதானம் சொல்லி அலுத்துப்போய், அந்த ஆளை முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. பொதுமக்கள் கூட்டத்துக்கு இடைஞ்சல் செய்தால் தலைவர் வெளியே அனுப்பலாம் என்று அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஹெட் கிளார்க் இந்த முறை தானாகவே தேடிக் கண்டுபிடித்தார். நைனா மூச்சு விட்டதை இடைஞ்சல் என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். இனிமேல் அந்த ஆள் வாசற்படி ஏறக் கூடாது, ஏறினால் உன் வேலை போகும் என்று காதர் பாய்க்கு உத்தரவு. ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? 'ஐயையோ, சாயங்காலம் பொழுது போகாதே' என்றது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக் குழாய்க்கு ஆபத்து வந்தது.

எங்கள் நெசவுத் தெருவில் அது ஒன்றுதான் குழாய். குடிக்கவும் அதுதான், பாவுக்கும் அதுதான். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் கஞ்சி இல்லை, கஞ்சி இல்லையென்றால் பாவு இல்லை, பாவு இல்லையென்றால் வீட்டில் அடுப்பு இல்லை. கொஞ்ச நாளாகவே குழாய் இருமிக் கொண்டிருந்தது. சொம்பு நிறைவதற்குள் பெண்கள் பாதிக் கதை பேசி முடித்துவிடுவார்கள். ஒரு நாள் போர்டு ஃபிட்டர் ஒருவர் டேப்பும் கையுமாக வந்து குழாயடியை அளந்தார். சரி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று என் மனைவி அவருக்கு மோர் கொடுத்தாள். மோரைக் குடித்துவிட்டு மனிதர் உண்மையைச் சொன்னார். இந்த லைனை இங்கேயே மூடிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகக் கட்டுகிற லாட்ஜுக்குத் திருப்பப் போகிறார்கள். லாட்ஜு தலைவரின் மைத்துனருடையது. வருகிற கூட்டத்தில் பாஸாகிவிடும்.

என் மனைவி ஆர்.கே.பேட்டைக்காரி. அங்கேயும் தறிதான், ஆனால் வீட்டுக்குப் பின்னால் கிணறு. அன்று நான் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், குழாய் போனால் நானும் போகிறேன், உன் தண்ணீரை நீயே அரக்கோணத்திலிருந்து ரயிலில் கொண்டுவா என்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. ரெண்டு குடும்பங்கள் தறியைப் பிரித்துக்கொண்டு அம்மா வீட்டுப் பக்கம் போய்விடலாமா என்று யோசித்தார்கள்.

பெரியவர்கள் சிலர் சேர்ந்து தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் எல்லாருக்கும் சோடா வரவழைத்துக் கொடுத்தார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, வதந்தி, போர்டு முடிவுகள் எல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நோட்டீஸ் போர்டு ஆபீசுக்குள் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பீரோவை நகர்த்தினால்தான் படிக்கலாம். இவர்கள் சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தலைவர் இதை எப்படிப் பாஸ் பண்ணுவார் என்பது நைனாவுக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் அல்லவா. முக்கியமான பேச்சு எதுவும் முதலில் வராது. முதல் ரெண்டு மணி நேரம் விளக்கு, குப்பை, இரங்கல் தீர்மானம் என்று சத்தமாக நடக்கும். மத்தியானம் பசி எடுக்கிற நேரத்தில் கடைசியாக 'இதரப் பொருள்கள்' என்று வரும். ஹெட் கிளார்க் அர்ச்சனை மந்திரம் மாதிரி முணுமுணுவென்று சொல்லிக்கொண்டே போவார். மெம்பர்கள் செருப்பைத் தேடிக்கொண்டே தலையாட்டுவார்கள். ஊரில் எது காணாமல் போனாலும் அந்த 'இதர'வில்தான் போகும்.

எங்கள் தெருக்காரர்கள் நைனாவிடம் போனார்கள். வாசற்படி ஏறக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே, என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கூட்ட நாள் என்றைக்கு என்று கேட்டார் அவர். சொன்னார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அன்றைக்குக் கிருத்திகை.

கிருத்திகை அன்று காலையில் நைனா மஞ்சள் வேட்டி கட்டி, உடம்பெல்லாம் விபூதி பூசி, தன் கடையிலேயே பெரிய காவடியை எடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் குழாயடியிலிருந்து புறப்பட்டார். எங்கள் ஊரில் காவடி எடுத்தவருக்கு வீட்டுப் பெண்கள் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டில் குடிக்க வைத்திருந்ததைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். என் மனைவியும் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீருக்குப் பதில் தண்ணீர் பிடிக்க எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்குப் போனார்கள். ஆண்கள் தறிக்குப் போனார்கள். நான் மட்டும் அன்றைக்கு ராத்திரி டூட்டி என்பதால் பின்னால் போனேன்.

நாற்சந்தியில் இடது பக்கம் திரும்பினால் மலை. நைனா வலது பக்கம் திரும்பினார்.

பின்னால் வந்த பக்தர்கள் கூட்டமும் திரும்பியது. காவடிக்குப் பின்னால் போகிறவர்கள் வழி கேட்பதில்லை. ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், சுருக்கு வழி போலிருக்கிறது என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தது. போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார். பூக்கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். அரோகரா என்ற சத்தத்தோடு காவடி போர்டு ஆபீஸ் வாசலுக்குப் போனது.

காதர் பாய் வாசலில் நின்றிருந்தார். நைனாவைப் பார்த்தார். காவடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கதவை முழுசாகத் திறந்துவிட்டார். பிற்பாடு இதற்காக அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் சொன்ன பதிலை ஊர் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

"ஆள நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்தியிருப்பேன். காவடிய எப்டிங்க நிறுத்தறது? நான் இந்த ஊர்ல பொறந்தவன்."

உள்ளே இன்னும் வேடிக்கை. காவடி நுழைந்ததும் அத்தனை மெம்பர்களும் எழுந்து நின்று கைகூப்பினார்கள். தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து செய்து வருகிற பழக்கம், உடம்பு தானாகச் செய்துவிட்டது. கண்ணைத் திறந்த பிறகுதான் காவடிக்கு அடியில் இருந்த முகத்தை அடையாளம் கண்டார். கூப்பிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

நைனா ஒரு வேண்டுதல் என்றார். இதரப் பொருள் என்னவென்று ஊருக்குக் காது கேட்கிற மாதிரிப் படிக்க வேண்டும், அதைக் கேட்ட பிறகு மலைக்குப் போய்க் காவடியை இறக்குவதாக முருகனிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். காவடியை வழியில் தரையில் வைக்கக் கூடாது. எடுத்தவரைத் தள்ளவும் கூடாது. ஆகவே அவர் நின்றார். இதரப் பொருள் கடைசியில்தான் வரும் என்றார் தலைவர். ஆங், நிற்கிறேன் என்றார். விளக்கு வந்தது, குப்பை வந்தது, யாருக்கோ இரங்கலும் வந்தது. அத்தனைக்கும் அவர் தோளில் காவடியோடு நின்றார். அறுபது வயதைத் தாண்டின மனிதர். ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெளியூர்ப் பக்தர்களின் முகங்கள், நடுவில் என்னுடையதும். எப்போது தீபாராதனை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஹெட் கிளார்க் முணுமுணுக்க ஆரம்பித்தார். ஜன்னலிலிருந்து ஒரு ஆந்திரக் கிழவர் கேட்கவில்லை என்றார். குரலை உயர்த்தினார். இன்னும் கேட்கவில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல் அந்த மனிதர் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சத்தம் போட்டு, நெசவுத் தெருக் குழாய் லைனை மூடி, பஸ் ஸ்டாண்டு லாட்ஜுக்குத் திருப்புகிற தீர்மானத்தைப் படித்தார். படித்து முடித்ததும் அறையில் யாரும் செருப்பைத் தேடவில்லை.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது உன் தெருவா?" என்றார்.

"இல்லீங்க."

"அந்தக் கொழா தண்ணிய நீ குடிக்கறியா?"

"இல்லீங்க. என் வூட்ல கெணறு இருக்குது."

"பின்ன உனக்கு இன்னாய்யா வந்துது?"

நைனா காவடியைத் தோள் மாற்றிக்கொண்டார். "கெணறு இருக்கறவன்தாங்க இங்க வந்து நிக்க முடியும். கொழா இல்லாதவங்க தண்ணிக்குப் போயிருக்காங்க."

பிறகு ஒரு குரல் கேட்டது. யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வார்டு மெம்பர். எழுந்து நின்றிருந்தார், மேஜையைப் பிடித்துக்கொண்டு. "என் வார்டு கொழாங்க அது. நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். இவ்வளவுதான். ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். இன்னும் இருவர் சொன்னார்கள். தலைவர் அந்தப் பொருளைக் கைவிட்டதாகச் சொன்னார். நைனா காவடியோடு மலையேறினார். சாயங்காலம் கடையில் முதல்முறையாக எங்கள் மெம்பருக்கு வேஷம் கிடைத்தது. மெம்பரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

குழாய் தப்பியது. நைனா தப்பவில்லை.

சாமி காரியத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டார் என்று சிலர் பேசினார்கள். பூட்டின கக்கூஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அதே வாய்கள். தலைவர் வாயே திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் காதர் பாய் எங்கள் குழாயடியில் சைக்கிளை நிறுத்தி, ரெண்டு கை தண்ணீர் குடித்துவிட்டு, பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். நைனாவின் கடை போர்டு நிலத்தில் இருக்கிறதாம். ஆக்கிரமிப்பாம். வருகிற கூட்டத்தில் இதரவில் எடுக்கிறார்களாம். கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாம் என்று சட்டம் இருக்கிறதாம். சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நைனா இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், கடைதானே, போனால் காவடியை வீட்டில் வைத்து வாடகைக்கு விடுவேன் என்றார். வீட்டில் ஒரு காவடி நுழைந்தால் அவர் மனைவி வெளியே வர வேண்டும், அவ்வளவு பெரிய வீடு.

கூட்ட நாளன்று காலையில் நான் ரயிலுக்குக் கிளம்பினேன். என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். லீவு போடு என்றாள். எதற்கு என்றேன். "ரயிலு நாளைக்கும் வரும்" என்றாள். தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதியை ஒரு சாவு வீட்டு நாளில்கூட நான் கேட்டதில்லை.

போர்டு ஆபீஸ் கூட்ட அறையில் அன்றைக்கு மூச்சு விட இடமில்லை. பின்சுவரை ஒட்டி, தரையில், ஜன்னல் திட்டில், மெம்பர்களின் நாற்காலிகளுக்கு இடையில் எல்லாம் எங்கள் தெரு. பெண்கள் குடத்தோடு வந்திருந்தார்கள், போகிற வழியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகலாம் என்று. விளக்கு வந்தது, குப்பை வந்தது. எல்லாரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். கடைசியில் ஹெட் கிளார்க் தலைவரைப் பார்த்தார். தலைவர் எங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னிக்கு இதரப் பொருள் எதுவும் இல்ல" என்றார்.

அந்த நேரத்தில்தான் தலைமேல் பெஞ்சோடு நைனா வாசலில் வந்து நின்றார். மத்தியானம்தானே இதர வரும் என்று கடை வேலையை முடித்துவிட்டுத் தனியாகச் சண்டை போட வந்திருக்கிறார். பெஞ்சைப் போட இடமில்லை. உள்ளே நுழையவும் இடமில்லை. ஏதாவது சாவா, யார் செத்தது என்று காதர் பாயிடம் கேட்டார். காதர் பாய் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தோம். சந்தோஷப்படுவார், கண் கலங்குவார் என்று நினைத்தோம்.

மனிதருக்கு வந்தது பாருங்கள் கோபம். பெஞ்சைத் தொப்பென்று வராந்தாவில் போட்டார். இத்தனை வருஷமாக எங்கே போயிருந்தீர்கள் என்று ஆரம்பித்தார். உங்கள் தெரு விளக்குக்கு நான் கேட்டேன், உங்கள் சாக்கடைக்கு நான் கேட்டேன், என் ஒரு கடைக்கு மட்டும் எல்லாருக்கும் கால் முளைத்துவிட்டதா என்றார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினார். பாவுக்காரர் சுப்பையாவுக்குத் தனியாக, அவர் மகனுக்குத் தனியாக, என் மனைவிக்குக் கொஞ்சம் மரியாதையோடு. என் முறை வந்தது.

"நீ தெனம் ரயிலேறி அரக்கோணம் வரைக்கும் போய்கினு வந்துகினு கீறியேடா. கூப்புடு தூரத்துல இருக்கற போர்டு ஆபீசுக்கு வர உனக்கு வழி தெர்லயா?"

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு பின்சுவர் ஓரம் ஒரு கிழவியை நகரச் சொல்லி, தான் வழக்கமாக உட்காருகிற இடம் அது என்று சண்டை போட்டு, அங்கே தரையில் உட்கார்ந்துகொண்டு, கூட்டம் முடிந்துவிட்டது என்று தலைவர் சொன்ன பிறகும் எழுந்திருக்காமல் எல்லாரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வந்தோம். அதற்கு அடுத்த மாதம் ரெண்டு மூன்று பேர். பிறகு, வாசற்படி உத்தரவு யாருக்கும் நினைவில்லாமல் போக, பழையபடி நைனாவும் பெஞ்சும். இதை எழுதும்போது எனக்குக் கை எரிகிறது. சில வருஷங்கள் கழித்து போர்டையே கலைத்து, ஒரு அதிகாரியைப் போட்டார்கள். அவர் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து தீர்மானம் போட்டார், தனியாக நிறைவேற்றினார், வேடிக்கை பார்க்க யாருக்கும் இடமில்லை. நைனா அந்தக் கதவையும் தட்டினார் என்று சொல்வார்கள். நான் அப்போது மாற்றலாகிப் போயிருந்தேன். அவர் போன செய்தி எனக்குக் காதர் பாய் மூலமாகத்தான் வந்தது. சாவுக்கு ஊரே திரண்டதாம். இதற்கெல்லாம் மட்டும் திரளுவோம்.

ஆபீசில் மேலதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். வீட்டில் மனைவி திட்டியிருக்கிறாள், இப்போது பிள்ளைகளும் திட்டுகிறார்கள். அவரைப் போல அத்தனை உரிமையோடு, தோளைப் பிடித்துக்கொண்டு, இவன் வந்திருக்க வேண்டியவன் என்று நம்பி யாரும் என்னைத் திட்டியதில்லை.